மரம் நடுவது கடைசிப் படி: சிதைந்த நிலத்தையும் நீர்நிலையையும் மீட்க ஒரு முழுமையான வழிகாட்டி

பாழ்பட்ட ஒரு நிலத்தைக் காட்டினால் பெரும்பாலோர் முதலில் கேட்பது, "இங்கே என்ன கன்று நடலாம்?" என்றுதான். கேள்வியில் தப்பில்லை, கேட்கும் நேரம்தான் தப்பு. நிலத்தைக் கெடுத்த காரணம் அப்படியே இருக்க, அதன்மேல் கன்று நடுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுதான். கெடுப்பது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதை நிறுத்த வேண்டும். நிலம் தானாக எவ்வளவு தேறுகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். எட்டாத குறைக்கு மட்டும் நட வேண்டும். பிறகு ஆண்டுக்கணக்கில் அளக்க வேண்டும். சிறு குளமானாலும் பல ஹெக்டேர் காடானாலும் இந்த வரிசை மாறாது.

கெடுப்பது எது?

ஐபிபிஇஎஸ் என்ற பன்னாட்டு அறிவியல் அமைப்பு 2019-இல் வெளியிட்ட மதிப்பீடு, சுமார் 10 லட்சம் உயிரினங்கள் அழியும் ஆபத்தில் இருப்பதாகச் சொன்னது. அதற்கான நேரடிக் காரணங்களைத் தாக்கத்தின் அளவுப்படி ஐந்தாக வரிசைப்படுத்தியது. நிலத்தையும் கடலையும் வேறு பயனுக்கு மாற்றுவது முதலாவது. உயிரினங்களை நேரடியாகப் பிடிப்பதும் வெட்டுவதும், பருவநிலை மாற்றம், மாசு, ஊடுருவும் அயல் இனங்கள் ஆகியவை அடுத்தடுத்து வருகின்றன.

ஆனால் இது உலகச் சராசரி. உங்கள் கையிலுள்ள இடத்தில் ஐந்தாவது காரணமே முதலாவதாக இருக்கலாம். பசிபிக் பெருங்கடலிலுள்ள குவாம் தீவில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சரக்கோடு சரக்காக வந்திறங்கியது பழுப்பு மரப்பாம்பு. அங்கிருந்த 12 காட்டுப் பறவை இனங்களில் 10 இனங்கள் அந்தத் தீவின் காடுகளிலிருந்து மறைந்தன. மரங்கள் நின்றன, பறவைகள்தான் இல்லை. அங்கே எத்தனை கன்று நட்டிருந்தாலும் பறவைகள் திரும்பியிருக்கப் போவதில்லை.

காரணம் கண்ணுக்கே தெரியாமலும் இருக்கும். தெற்காசியாவில் பிணந்தின்னிக் கழுகுகள் 1990-களில் கொத்துக்கொத்தாகச் செத்தன. வெண்முதுகுக் கழுகின் எண்ணிக்கை 99 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணிதான் காரணம் என்பது 2004-இல் தெரியவந்தது. மருந்து உடலில் தங்கிய மாடு செத்து, அதன் இறைச்சியைத் தின்ற கழுகின் சிறுநீரகம் செயலிழந்தது. 2006-இல் இந்தியா, நேபாளம், பாகிஸ்தான் மூன்றும் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தன. மாற்றாக மெலாக்ஸிகாம் பரிந்துரைக்கப்பட்டது. கூடு கட்ட மரமோ தின்ன இரையோ குறைந்து அந்தச் சரிவு வரவில்லை. வாழிடம் நன்றாகத் தெரிகிறது, உயிர் மட்டும் குறைகிறது என்றால், வேலிக்குள்ளே மட்டும் தேடாதீர்கள்.

இன்னொரு மறைவான காரணம், துண்டாவது. பிரேசிலில் மனௌஸ் நகருக்கு அருகே 1979 முதல் 1, 10, 100 ஹெக்டேர் காட்டுத் துண்டுகளை வைத்து நடக்கும் ஆய்வு, வெட்டப்பட்ட விளிம்பிலிருந்து வெயிலும் காற்றும் வறட்சியும் காட்டுக்குள் எவ்வளவு தூரம் நுழைகின்றன என்பதைக் காட்டியது. சில தாக்கங்கள் 100 மீட்டரையும் தாண்டின. இதை ஒரு காகிதத்தில் போட்டுப் பாருங்கள். 10 ஹெக்டேர் சதுரக் காட்டின் ஒரு பக்கம் சுமார் 316 மீட்டர். நான்கு பக்கமும் 100 மீட்டரைக் கழித்தால் நடுவில் உண்மையான உட்காடாக மிஞ்சுவது சுமார் 1.35 ஹெக்டேர். அதே 10 ஹெக்டேர் 100 மீட்டர் அகல நீளப் பட்டையாக இருந்தால் உட்காடு என்று ஒன்றே கிடையாது. ஆகவே காட்டின் நடுவே ஒரு பாதை போட்டால், பாதையின் அகலம் மட்டும்தான் போனது என்று கணக்குப் போடக் கூடாது. மீட்பிலும் இதே கணக்குதான்: தனியாக ஒரு புதுத் துண்டை உருவாக்குவதைவிட, இருக்கும் துண்டை அகலமாக்குவது, பக்கத்துத் துண்டோடு சேர்ப்பது, உள்ளே புகுந்த பாதையை மூடுவது ஆகியவை பெரும்பாலும் அதிகப் பலன் தரும்.

இடத்தைச் சுற்றி நடந்து, ஐந்து காரணங்களையும் ஐந்து பத்தியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் கண்ணால் கண்ட சான்றைக் குறியுங்கள். கடித்த துளிர், குளம்புத் தடம், வாய்க்கால் வழியே வரும் நுரை, இரவு முழுக்க எரியும் விளக்கு, வெட்டிய அடிக்கட்டை. சான்று இல்லாத காரணத்தைப் பட்டியலில் வைக்காதீர்கள்.

தொடுவதற்கு முன் அளந்து வையுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். ஐந்தாண்டு கழித்து "இடம் தேறியதா?" என்று கேட்டால் பதில் சொல்ல எதுவும் கையில் இருக்காது.

1 மீட்டருக்கு 1 மீட்டர் சட்டம் ஒன்று செய்துகொள்ளுங்கள். பிளாஸ்டிக் குழாயே போதும். நிலத்தில் தற்செயலாகத் தேர்ந்த இடங்களில் அதைப் போட்டு, உள்ளே இருக்கும் ஒவ்வொரு செடி இனத்தையும், வெற்று மண் எத்தனை சதவீதம் என்பதையும் எழுதுங்கள். அழகாகத் தெரியும் இடத்தில் சட்டத்தை வைப்பதுதான் வழக்கமான பிழை. இடங்களைக் காகிதத்தில் முன்கூட்டியே குலுக்கிப் போட்டுத் தேருங்கள். தொடர்ந்து ஐந்து சட்டங்களில் புது இனம் எதுவும் வரவில்லை என்றால் அந்தப் பகுதிக்குப் போதும்.

நான்கைந்து இடங்களில் இரும்புக் கம்பி நட்டு, அதே உயரத்திலிருந்து, அதே திசையில், ஆண்டுதோறும் அதே மாதத்தில் படம் எடுங்கள். பறவைகளைச் சூரியன் உதித்த இரண்டு மணி நேரத்துக்குள், ஒரே இடத்தில் 10 நிமிடம் நின்று எண்ணுங்கள்.

மண்ணுக்கு ஒரு எளிய சோதனை உண்டு. இரு பக்கமும் திறந்த, 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள தகர வளையத்தை மண்ணில் பாதி அழுத்துங்கள். உள்ளே ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து 440 மில்லிலிட்டர் தண்ணீர் ஊற்றித் தாளை மெல்ல உருவுங்கள். அது சுமார் 2.5 சென்டிமீட்டர் மழைக்குச் சமம். முதல் முறை ஊற்றுவது மண்ணை நனைக்க மட்டும். இரண்டாம் முறை எத்தனை நிமிடத்தில் உறிஞ்சுகிறது என்பதைக் குறியுங்கள். பக்கத்தில் கெடாத இடத்திலும் இதையே செய்து ஒப்பிடுங்கள். கெடாத இடத்தில் சில நிமிடத்தில் இறங்கும் நீர் உங்கள் இடத்தில் ஒரு மணி நேரம் நின்றால் மண் இறுகிக் கிடக்கிறது. அங்கே வேர் இறங்காது. மழைநீர் மேலேயே ஓடி மேல்மண்ணையும் அள்ளிக்கொண்டு போகும்.

கடைசியாக ஒன்று. மொத்த இடத்தில் ஒரு பகுதியை எதுவும் செய்யாமல் விட்டுவையுங்கள். நல்ல மழை பெய்த ஆண்டில் எல்லா இடமும் பச்சையாகும். அது உங்கள் வேலையால் வந்ததா மழையால் வந்ததா என்று சொல்ல அந்தத் தொடாத துண்டு மட்டுமே சாட்சி.

நிறுத்துவது

மேய்ச்சல்தான் பிரச்சினை என்றால் வேலி. முழு நிலத்துக்கும் முடியாவிட்டால் 20 மீட்டருக்கு 20 மீட்டர் அளவில் ஒரு கட்டத்தை மட்டும் அடையுங்கள். ஒரு மழைக்காலம் முடிந்ததும் வேலிக்கு உள்ளேயும் வெளியேயும் உள்ள வித்தியாசமே மற்றவர்களைச் சம்மதிக்க வைக்கும். புல்வெளிகளில் ஓர் எச்சரிக்கை: காலங்காலமாக மேய்ந்த புல்வெளியில் மேய்ச்சலை முற்றாக நிறுத்தினால் ஓரிரு உயரப் புற்கள் மற்றவற்றை அமுக்கிவிடும். அங்கே அளவைக் குறைப்பதும் சுழற்சி முறையில் விடுவதும்தான் சரி.

பூச்சிக்கொல்லியில், விதையில் பூசும் நியோனிகோட்டினாய்டு வகை செடி முழுக்கப் பரவி மகரந்தத்திலும் தேனிலும் வந்துசேரும். அந்த வகையில் மூன்றை ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் திறந்தவெளிப் பயன்பாட்டுக்குத் தடை செய்தது. பக்கத்து வயலில் என்ன அடிக்கிறார்கள் என்று தெரியாமல் பூச்செடி நட்டால், தேனீக்களை நஞ்சுக்கு அழைத்ததாக ஆகிவிடும்.

இரவில் பூச்சிகளையும் பறவைகளையும் குழப்பும் விளக்குகளில் மாற்றம் எளிது: தேவையில்லாததை அணையுங்கள், தேவையானதைக் கீழ்நோக்கி மூடுங்கள், நீலம் கலந்த வெள்ளைக்குப் பதில் மஞ்சள் ஒளி போடுங்கள்.

அயல் செடிகளை அகற்றுவது

இங்கேதான் உழைப்பு அதிகமாக வீணாகிறது. வெட்டினால் போதும் என்று நினைத்து வெட்டுகிறார்கள்; வெட்டிய இடத்தில் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கிறது.

உண்ணிச்செடியை எடுத்துக்கொள்வோம். தண்டும் வேரும் சேரும் இடமான வேர்க்கழுத்தில்தான் அதன் துளிர்க்கும் திறன் குவிந்திருக்கிறது. தரைக்கு மேலே வெட்டினால் அந்த இடம் மண்ணில் பத்திரமாக இருக்கும். எனவே புதரின் அடியைச் சுற்றி மண்ணை விலக்கி, தரைமட்டத்துக்கு 3 முதல் 5 சென்டிமீட்டர் கீழே ஆணிவேரை வெட்டுங்கள். வெட்டிய புதரை அப்படியே தூக்கி, தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். பக்கவாட்டில் கிடத்தினால் ஈர மண்ணைத் தொட்ட தண்டுகள் வேர் பிடிக்கும். கவிழ்த்தால் வேர்ப்பகுதி வெயிலில் காயும். பூத்துக் காய்ப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். பழத்தைத் தின்ற பறவைகள் விதையை எங்கே போடும்? உட்காரும் மரத்தின் அடியில். அடுத்த மழைக்குப் பிறகு முதலில் தேட வேண்டியதும் அங்கேதான். நாற்றுகள் சிறிதாக இருக்கும்போது கையால் பிடுங்கிவிடலாம். இரண்டு மழைக்காலம் இந்தச் சுற்றை விட்டுவிட்டால் செய்த வேலை முழுவதும் போச்சு.

சீமைக்கருவேலமும் இப்படித்தான்: தரைக்கு மேல் வெட்டினால் புதராகப் பெருகும், வேர்க்கழுத்தோடு எடுக்க வேண்டும். ஆகாயத்தாமரை வேறு ரகம். சாதகமான சூழலில் இரண்டு வாரத்துக்குள் இரட்டிப்பாகும். சேற்றில் கிடக்கும் விதை பல ஆண்டு உயிரோடு இருக்கும். அள்ளியதைக் கரையோரத்திலேயே குவித்தால், அது மட்கி, அதிலுள்ள சத்து அடுத்த மழையில் நீருக்கே திரும்பும். கரைக்கு அப்பால், வெள்ளம் எட்டாத இடத்தில் மட்க வையுங்கள்.

பெரிய பரப்பை ஒரே நாளில் மொட்டையடிக்காதீர்கள். அயல் புதருக்குள்ளும் குருவி கூடு கட்டியிருக்கும், வேர் மண்ணைப் பிடித்திருக்கும். நல்ல செடிகள் மிஞ்சியிருக்கும் ஓரத்திலிருந்து தொடங்கி, அடர்ந்த நடுப்பகுதியை நோக்கி, பட்டை பட்டையாக நகருங்கள். பராமரிக்க முடிந்த அளவுக்கு மேல் ஓராண்டில் அகற்றாமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

வட்டம் போட்டு எண்ணுங்கள்

இப்போது கேள்வி: நட வேண்டுமா, வேண்டாமா? முதலில் அது காட்டு நிலம்தானா என்று பாருங்கள். பழைய வரைபடத்திலும் பழைய படங்களிலும் புல்வெளியாக இருந்த இடத்தில் மரம் நடுவது மீட்பு அல்ல, இன்னொரு சிதைவு. வெயிலில் மட்டும் வாழும் சிறுபூண்டுகளும் புற்களும், அவற்றை நம்பிய பூச்சிகளும் பறவைகளும் நிழல் விழுந்ததும் போய்விடும்.

வெப்பமண்டலக் காட்டு நிலம் என்றால் ஓர் உறுதியான எண்ணும் முறை இருக்கிறது. 5 மீட்டர் கயிற்றை ஒரு குச்சியில் கட்டி வட்டம் போடுங்கள். அந்த வட்டத்துக்குள் 50 சென்டிமீட்டரைத் தாண்டிய இளங்கன்றுகள், உயிரோடு துளிர்க்கும் அடிக்கட்டைகள், பெரிய மரங்கள் எல்லாவற்றையும் எண்ணுங்கள். நிலம் முழுக்க இப்படி 10 வட்டங்கள். சராசரியாக ஒரு வட்டத்தில் 25 இருந்தால், ஹெக்டேருக்கு ஏறத்தாழ 3,200 ஆகிறது, நடவே தேவையில்லை. களையை அடக்கி, நெருப்பையும் மாட்டையும் தடுத்தால் காடு தானாக எழும். 25-க்குக் குறைந்தால், குறையும் எண்ணிக்கைக்கு மட்டும் நடுங்கள். எண்ணிக்கை இருந்தும் இரண்டு மூன்று இனம் மட்டுமே வருகிறது என்றால், வராத இனங்களை மட்டும் நடுங்கள். பெரிய விதை உடையவைதான் பெரும்பாலும் வராது, ஏனென்றால் அவற்றைச் சுமந்து வரும் பெரிய பறவையும் விலங்கும் முதலில் மறைந்திருக்கும்.

தானாக முளைத்த கன்றைக் கண்டதும் ஒரு குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். இல்லாவிட்டால் களை வெட்டுபவர் அதையும் சேர்த்து வெட்டிவிடுவார். அடிக்கடி நடப்பது இது. கன்றைச் சுற்றி அரை மீட்டர் வட்டத்துக்கு மட்டும் களையை வேரோடு எடுங்கள். இடைவெளியில் உயர்ந்து நிற்கும் கிழங்குவேர்ப் புற்களை வெட்ட வேண்டாம், வெட்டினால் இன்னும் வேகமாகத் துளிர்க்கும். ஒரு பலகையைப் போட்டுக் காலால் மிதித்துச் சாய்த்துவிடுங்கள். தண்டு முறியாமல் மடங்கினால் புல் தன் நிழலிலேயே நலிந்துபோகும்.

குறைக்கு மட்டும் நடவு

விதை உங்கள் நிலத்தை ஒத்த மண்ணும் மழையும் உள்ள, அருகிலுள்ள இயற்கைக் காட்டிலிருந்து வர வேண்டும். ஒரே தாய்மரத்தின் விதையில் எழுந்த ஆயிரம் மரங்கள் உடன்பிறப்புகள். ஒரு நோய் வந்தால் எல்லாம் ஒன்றாகச் சாயும். முடிந்தவரை 30-க்கும் மேற்பட்ட தாய்மரங்களிலிருந்து, ஒவ்வொன்றிலும் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல் சேகரியுங்கள். மீதி காட்டுக்கு.

எல்லா விதையையும் காயவைத்துச் சேமிக்க முடியாது. மழைக்காட்டு மரங்கள் பலவற்றின் சதைப்பற்றுள்ள பெரிய விதை காய்ந்தால் செத்துவிடும். சில நாள்களுக்குள் விதைத்தாக வேண்டும்.

நாற்றுப் பையில் அதிகக் காலம் கிடந்த கன்றின் வேர் பையின் அடியில் சுருண்டு வளையமாகிவிடும். அப்படியே நட்டால் இரண்டு மூன்று ஆண்டு நன்றாக வளர்ந்து, பிறகு ஒரு காற்றில் சாயும். தோண்டிப் பார்த்தால் வேர் அதே வளையத்தில் இருக்கும். நடும் முன் சுருண்ட வேரைக் கூர்மையான கத்தியால் வெட்டிவிடுங்கள். ஆளுயரக் கன்று படத்துக்கு அழகு. பிழைப்பது 30 முதல் 60 சென்டிமீட்டர் கன்று, ஏனென்றால் அதன் இலைப்பரப்புக்கு ஏற்ற வேர் அதற்கு இருக்கிறது. நடுவதற்கு முன் சில வாரம் நீரையும் நிழலையும் படிப்படியாகக் குறைத்து வெயிலுக்குப் பழக்குங்கள்.

மழை தொடங்கி மண் ஆழமாக நனைந்த பிறகு நடுங்கள். முதல் தூறலில் நடுவதும் பருவம் முடியும்போது நடுவதும் ஒன்றுதான், இரண்டிலும் கன்று சாகும். குழி பையைவிட இரண்டு மடங்கு அகலம். பையை முழுவதும் உருவ வேண்டும். வேர்க்கழுத்து தரைமட்டத்தில் இருக்க வேண்டும். புதைந்தால் அழுகும், உயர்ந்தால் வேர் காயும். கன்றுகளுக்கிடையே சராசரியாக 1.8 மீட்டர், ஆனால் நேர்வரிசையில் வேண்டாம். 20 முதல் 30 இனங்கள் கலந்திருக்கட்டும்: விரைந்து நிழல் தருபவை, பழம் தந்து பறவையை அழைப்பவை, மெதுவாக வளரும் முதிர்காட்டு மரங்கள். மண்ணை மூடும் காய்ந்த இலை, வைக்கோல் போன்ற மூடாக்கைத் தண்டில் படாமல் சில சென்டிமீட்டர் தள்ளிப் போடுங்கள். முதல் இரண்டு மழைக்காலமும் 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை களை எடுக்க வேண்டும். நடவுக்குப் பணம் ஒதுக்கி இதற்கு ஒதுக்காத திட்டம், தொடங்கும்போதே முடிந்த திட்டம்.

குளம், ஏரி என்றால்

கனடாவின் ஒன்டாரியோவில் ஓர் ஏரியை 1973-இல் திரையால் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும், மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் போட்ட பாதி மட்டும் பாசியால் பச்சையானது. எனவே பச்சையான குளத்தைப் பார்த்ததும் பாசியை அள்ளுவதை விட்டு, பாஸ்பரஸ் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள்: கழிவுநீர், சோப்பு நீர், வயலிலிருந்து வழியும் உரம், சாணம், கரையில் கொட்டிய குப்பை.

வரத்தை நிறுத்தியும் குளம் சில ஆண்டுகள் பச்சையாகவே இருந்தால் மனம் தளர வேண்டாம். அடிச்சேற்றில் படிந்த பாஸ்பரஸ், அடியில் ஆக்சிஜன் தீரும்போதெல்லாம் நீருக்குத் திரும்புகிறது. தூர்வாருவது உதவும், ஆனால் வரத்தை அடைத்த பிறகுதான். முன்னால் வாரினால் மறுபடி நிரம்பும். வாரும்போது மொத்தக் குளத்தையும் ஒரே பருவத்தில் சுரண்டாமல், மூன்றில் ஒரு பங்காகப் பிரித்துச் செய்யுங்கள். வாராத பகுதியிலிருந்துதான் தவளையும் தட்டான் புழுவும் நீர்ச்செடியும் திரும்பி வரும்.

கரையைச் செங்குத்தாக வெட்டித் தொட்டிபோல் ஆக்குவது பரவலான பிழை. 30 சென்டிமீட்டருக்குக் குறைந்த ஆழமுள்ள விளிம்பில்தான் பெரும்பாலான உயிர் இருக்கிறது. கொக்கு நடப்பதும், தலைப்பிரட்டை வளர்வதும், நாணல் வேர்விடுவதும் அங்கேதான். ஒரு பக்கக் கரையையாவது 10 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் சரிவாக விடுங்கள். வயலுக்கும் நீருக்கும் நடுவே 10 முதல் 30 மீட்டர் அகலத்துக்குப் புல்லும் புதருமாக ஒரு பட்டை இருந்தால் மண்ணும் உரமும் அங்கேயே தங்கும்.

கொசுவுக்கென்று கம்பூசியா மீனை விடாதீர்கள்; அது தவளை முட்டையையும் தலைப்பிரட்டையையும் தின்னும். மீனே இல்லாமல் கோடையில் வற்றும் குளம் கெட்ட குளம் அல்ல, பல தவளை இனங்களுக்கு அதுதான் வேண்டும். ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் 1950-களில் விட்ட நைல் பெர்ச் மீன், பிற காரணங்களோடு சேர்ந்து, வேறெங்கும் இல்லாத 200-க்கும் மேற்பட்ட சிக்லிட் மீன் இனங்களின் மறைவுக்கு வழிவகுத்தது. நீரில் விட்ட மீனைத் திரும்பப் பிடிக்க முடியாது.

எதை எண்ணுவது?

நட்ட கன்றின் எண்ணிக்கையை அல்ல. நட்ட இரண்டு வாரத்தில் ஒருமுறை, பிறகு ஒவ்வொரு மழைக்காலத்தின் முடிவிலும் ஒருமுறை, பிழைத்தவற்றை இனவாரியாக எண்ணுங்கள். ஓர் இனம் மட்டும் மொத்தமாகச் செத்தால் தேர்வு தப்பு. எல்லா இனமும் ஒரே மூலையில் செத்தால் அந்த மண்ணைப் பாருங்கள்.

மூன்றாம் ஆண்டிலிருந்து கேள்வியை மாற்றுங்கள். அதே சட்டம், அதே வட்டம், அதே தகர வளையம், அதே 10 நிமிடப் பறவைக் கணக்கு, தொடாமல் விட்ட துண்டிலும் இதே அளவுகள். ஐந்தாம் ஆண்டில் வட்டத்துக்குள் நீங்கள் நடாத இனங்களின் கன்றுகளைத் தனியாக எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை பூஜ்யமாக இருந்தால் அங்கே நிற்பது தோப்பு: விதை கொண்டுவர யாரும் வரவில்லை, அல்லது வந்த விதை முளைக்க இடமில்லை. அப்போது இன்னொரு சுற்று நடவுக்குப் போகாமல், காரணங்களை எழுதிய அந்த ஐந்து பத்திகளை மறுபடி எடுத்துக்கொண்டு நிலத்தைச் சுற்றி நடங்கள்.